கோப்பு இருக்கிறது, திறக்கத்தான் மறுக்கிறது: வாசகர் கேள்வி – பதில்

ஒரே கோப்பை இரண்டு மூன்று சர்வர்களில் பிரதியெடுத்து வைத்துக்கொள்ளும் நெட்வொர்க் கோப்பு முறைகள் பெரிய நிறுவனங்களோடு நின்றுவிடவில்லை என்பதற்கு, திருநெல்வேலி, தென்காசி வட்டாரங்களிலிருந்து வந்திருக்கும் கடிதங்களே சான்று. மழைக்காலம் தொடங்கிவிட்டால் இடியும் மின்வெட்டும் சேர்ந்து இத்தகைய கடிதங்களின் எண்ணிக்கையைக் கூட்டிவிடுகின்றன. பெரும்பாலான கடிதங்களில் குறை ஒன்றுபோலவே சொல்லப்பட்டிருக்கிறது: கோப்பு இருக்கிறது, திறக்கவில்லை. காரணங்களோ ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஆகையால், எந்தச் சர்வரிலுள்ள எந்தப் பிரதி நமக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதை அறிந்த பிறகே எதிலும் கை வைக்க வேண்டும் என்பதைப் பின்வரும் பதில்களுக்கெல்லாம் பொதுவான நிபந்தனையாகக் கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

கேள்வி: பாளையங்கோட்டையில் அச்சகமும் வடிவமைப்புக் கூடமும் நடத்துகிறோம், வண்ணார்பேட்டையில் ஒரு கிளை உண்டு. இரண்டு இடத்திலும் ஒவ்வொரு லினக்ஸ் சர்வர் வைத்து, குளஸ்டர் எஃப்.எஸ். மூலம் எல்லாக் கோப்புகளையும் இரு பிரதிகளாகச் சேமிக்கிறோம். ஐப்பசி மழையில் இடி விழுந்து ஸ்விட்ச் கருகியதால், இரண்டு நாள் இரு அலுவலகங்களுக்கும் இடையே தொடர்பு இல்லை. ஆனாலும் இரு பக்கமும் வேலை தடையில்லாமல் நடந்தது. தொடர்பு திரும்பிய பிறகு சில கோப்புகளின் பெயர் தெரிகிறது, திறந்தால் 'இன்புட் அவுட்புட் எரர்' என்று வருகிறது. டிஸ்க்கைச் சோதித்துப் பார்த்தோம், பழுது இல்லை. வண்ணார்பேட்டைச் சர்வரில் அந்தக் கோப்புகளை அழித்துவிட்டால் பாளையங்கோட்டையிலிருந்து தானாக வந்துவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். முதலாளி அண்ணாச்சி இன்றைக்கே செய்துவிடச் சொல்கிறார். செய்யலாமா?
– பாளையங்கோட்டை வாசகர்

பதில்: செய்யக் கூடாது. அண்ணாச்சியிடம் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். அந்த ஒரு நாளை இழப்பதால் வரும் நட்டத்தைவிட, வண்ணார்பேட்டைக் கிளையினர் இரண்டு நாள் உழைத்த உழைப்பு அழிவதால் வரும் நட்டம் பெரிது.

உங்கள் டிஸ்க்கில் பழுதில்லை என்பது சரியான முடிவு. குளஸ்டரில் இந்தப் பிழைச்செய்தி வரும்போது, டிஸ்க்கைச் சந்தேகிப்பதற்கு முன், 'ஸ்ப்ளிட் பிரெயின்' என்று இத்துறையினர் குறிப்பிடும் நிலை ஏற்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே கடையின் வரவுசெலவை இரண்டு கணக்கப்பிள்ளைகள் இரண்டு பேரேடுகளில் தனித்தனியே எழுதி, இருவரும் தம்முடையதே சரி என்று சாதிக்கும் நிலை அது. குளஸ்டரில் கோப்புகளின் இருப்பிடத்தைக் கண்காணிக்கும் தலைமைச் சர்வர் என்று ஒன்று கிடையாது; கோப்பை எழுதும் கணினியே இரண்டு சர்வர்களுக்கும் ஒரே நேரத்தில் எழுதுகிறது. ஒரு சர்வரை எட்ட முடியாமல் போனால், எட்ட முடிந்த சர்வரிலுள்ள பிரதியின் மீது, 'மற்ற பிரதிக்கு இத்தனை மாற்றங்கள் பாக்கி' என்ற குறிப்பு பதிவாகிறது. கோப்பின் உள்ளடக்கம், அதன் உரிமை முதலான விவரங்கள், கோப்புறையின் பட்டியல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எண்ணிக்கைகளாக இந்தப் பாக்கிக் கணக்கு இருக்கும். தொடர்பு ஒரு பக்கம் மட்டும் போய்த் திரும்பியிருந்தால், மாற்றங்கள் கிடைக்காமல் பின்தங்கிய பிரதி எது, அவற்றைக் கொடுக்க வேண்டிய பிரதி எது என்பது தெளிவாகத் தெரியுமாதலால், பின்னணியில் இயங்கும் ஹீல் டீமன் என்ற நிரல் தானாகவே சரிசெய்துவிடும். உங்கள் இடத்தில் நடந்தது வேறு: பாளையங்கோட்டைப் பிரதி வண்ணார்பேட்டைக்குப் பாக்கி என்றும், வண்ணார்பேட்டைப் பிரதி பாளையங்கோட்டைக்குப் பாக்கி என்றும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. எதை நம்புவது என்று தெரியாத நிலையில் குளஸ்டர் கோப்பைத் திறக்க மறுக்கிறது. அப்படி மறுப்பதுதான் நேர்மையான செயல். ஏதோ ஒன்றைத் தேர்ந்து காட்டியிருந்தால், காணாமற்போன வேலையை வாடிக்கையாளர் சொல்லித்தான் நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

முதலில் இரு கிளைகளிலும் அந்தக் கோப்புகளைத் திறக்கும் முயற்சிகளை நிறுத்திவிட்டு, ஏதேனும் ஒரு சர்வரில் 'குளஸ்டர் வால்யூம் ஹீல்' என்ற கட்டளையுடன் வால்யூமின் (சர்வர்கள் சேர்ந்து ஒரே சேமிப்பிடமாகக் காட்டுவது) பெயரையும், 'இன்ஃபோ ஸ்ப்ளிட்-பிரெயின்' என்ற சொற்களையும் சேர்த்துக் கொடுத்தால், சிக்கலுக்கு உள்ளான கோப்புகளின் பட்டியல் மட்டும் கிடைக்கும். வெறும் 'இன்ஃபோ' என்று கொடுத்தால் வரும் பட்டியல் பெரிதாக இருக்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம், அதில் பெரும்பகுதி தானாகச் சரியாகும் வரிசையில் நிற்பவை. ஹீல் டீமன் இயல்பான அமைப்பில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை அந்த வரிசையைச் சுற்றிவருகிறது. பெரிய வடிவமைப்புக் கோப்புகளாக இருந்தால் சுற்று முடியவே வெகுநேரம் ஆகும்.

பட்டியல் கிடைத்ததும், அதிலுள்ள ஒவ்வொரு கோப்பையும் இரண்டு சர்வர்களின் பிரிக் கோப்புறைகளிலிருந்தும் வெளியே ஒரு தனி டிஸ்க்குக்கு நகலெடுத்து, பெயரோடு 'பாளை', 'வண்ணை' என்று ஒட்டு சேர்த்து வையுங்கள். பிரிக் என்பது ஒவ்வொரு சர்வரிலும் குளஸ்டர் தன் பொறுப்பில் வைத்திருக்கும் கோப்புறை. அங்கிருந்து படித்து நகலெடுப்பதால் கெடுதல் இல்லை. அங்கே எழுதுவதும் அழிப்பதும் பெயர் மாற்றுவதும்தான் கூடாதவை. உங்களுக்கு ஆலோசனை சொன்னவர் பழைய வழிமுறையைப் படித்திருக்கக்கூடும். ஒரு காலத்தில் அப்படிக் கையால் அழித்துத்தான் சரிசெய்தார்கள் என்றாலும், அப்போதும் பெயரை மட்டும் அழித்தால் போதாது. ஒவ்வொரு கோப்புக்கும் 16 பைட் நீளமுள்ள ஜிஎஃப்ஐடி என்ற அடையாள எண் உண்டு. பிரிக்குக்குள் மறைந்திருக்கும் '.குளஸ்டர்எஃப்எஸ்' கோப்புறையில் அந்த எண்ணின் பெயரில் ஒரு ஹார்ட் லிங்க், அதாவது அதே கோப்புக்கு இன்னொரு பெயர், இருக்கும். அது எஞ்சி நின்றால் டிஸ்க்கில் இடமும் விடுபடாது, பிரதியும் முறையாகத் திரும்பாது.

நகல்கள் பத்திரமான பிறகு, ஒவ்வொரு கோப்புக்கும் எந்தப் பிரதி நிலைக்க வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உள்ளன: அளவில் பெரியதை எடுத்துக்கொள், கடைசியாகத் திருத்தப்பட்டதை எடுத்துக்கொள், இந்தப் பிரிக்கில் உள்ளதை எடுத்துக்கொள் என்பன அவை, ஹீல் கட்டளையில் முறையே 'பிக்கர்-ஃபைல்', 'லேட்டஸ்ட்-எம்டைம்', 'சோர்ஸ்-பிரிக்' என்று கொடுக்க வேண்டும். கோப்பின் பாதையை வால்யூமின் தொடக்கத்திலிருந்து எழுத வேண்டும். சர்வரின் டிஸ்க்கில் உள்ள முழுப் பாதையை எழுதினால் ஏற்காது. கடைசியாகத் திருத்தப்பட்டதே சரியானது என்று எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே விதியைப் போட்டுவிடும் ஆசை எழும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். இரு சர்வர்களின் கடிகாரங்களும் ஒத்திருந்தன என்பது உறுதியாகத் தெரியாதபோது அந்த நேரத்தை நம்ப முடியாது. கடிகாரம் சரியாகவே இருந்தாலும், கடைசியாகத் திறந்து சேமித்தவர் ஒரு கமாவை மட்டும் திருத்தியிருக்கலாம். திருமண அழைப்பிதழ் வடிவமைப்பு போன்ற கோப்புகளில், அந்த வேலையைப் பார்த்த ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டால் முடிவு கிடைத்துவிடும். ஆர்டர் பதிவேடு, ஜி.எஸ்.டி. கணக்குப் போன்றவை அப்படியல்ல. இரு கிளையினரும் இரண்டு நாளும் அதே எக்செல் கோப்பில் தத்தம் வரிகளைச் சேர்த்திருப்பார்கள். எந்தப் பிரதியைத் தேர்ந்தாலும் ஒரு கிளையின் வரிகள் போய்விடும். அங்கே ஒன்றைத் தேர்ந்துவிட்டு, ஒதுக்கி வைத்த நகலை அருகில் திறந்து வைத்து, விடுபட்ட வரிகளை மனிதர்தான் சேர்க்க வேண்டும். இதற்குக் குறுக்குவழி எந்தக் கோப்பு முறையிலும் கிடையாது. ஒரே பெயரில் ஒரு பக்கம் கோப்பும் மறு பக்கம் கோப்புறையும் உருவாகியிருந்தால் மேற்சொன்ன மூன்று வழிகளும் உதவா; அப்படி ஏதும் இருந்தால் விவரத்தோடு மீண்டும் எழுதுங்கள்.

இது மறுபடி நேராதிருக்க, இரண்டு பிரதி அமைப்பைக் கைவிட வேண்டும். இரண்டே பேர் இருக்கும் இடத்தில் பெரும்பான்மை என்பது ஏது? முழுமையான மூன்றாவது சர்வர் வாங்க வசதியில்லையென்றால், ஆர்பிட்டர் என்ற வகையில் மூன்றாவது பிரிக் ஒன்றைச் சேர்க்கலாம். கோப்பின் பெயர், உரிமை விவரங்கள், பாக்கிக் கணக்கு ஆகியவற்றை மட்டும் அது வைத்துக்கொள்ளும், உள்ளடக்கத்தை வைத்துக்கொள்ளாது. ஆகையால் சாதாரணக் கணினியே போதும். அதை எங்கே வைப்பது என்பதை மட்டும் யோசித்து முடிவு செய்யுங்கள். பாளையங்கோட்டையில் வைத்தால், மறுபடி தொடர்பு அறும்போது பாளையங்கோட்டையில் வேலை நடக்கும், வண்ணார்பேட்டையில் எழுத முடியாது. புதிய பதிப்புகளில் படிக்கவும் முடியாமல் போகலாம். இரு கிளைகளோடும் தனித்தனிப் பாதையில் இணைந்த மூன்றாவது இடம் இருந்தால் நல்லது, ஆனால் அந்தப் பாதை மெதுவானதாக இருந்தால் ஒவ்வொரு எழுதுதலும் அதற்காகக் காத்திருக்கும். எப்படியாயினும், தொடர்பு அறும்போது ஒரு கிளை நின்றே ஆக வேண்டும். 'எரர்' வருகிறது என்று அங்கிருந்து போன் வரும். அது குறையல்ல என்பதை அண்ணாச்சிக்கும் ஊழியர்களுக்கும் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஸ்கேன் மையத்தில் மூன்று லினக்ஸ் கணினிகள். மூன்றிலும் ஒரே பயனர் பெயர்தான். ஒரு கணினியில் திறக்கும் கோப்பு மற்றொன்றில் 'பெர்மிஷன் டினைட்' என்கிறது. பிரதிகள் வேறுபட்டுவிட்டனவா?
– தென்காசி வாசகர்

பதில்: பிரதிகளைச் சந்தேகிப்பதற்கு முன் மூன்று கணினிகளிலும் 'ஐடி' என்ற கட்டளையைக் கொடுத்து, வரும் எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். சர்வருக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் முதலில் உருவாக்கப்படும் பயனருக்கு 1000 என்ற எண்ணும், அடுத்தவருக்கு 1001 என்ற எண்ணும் கிடைக்கின்றன. ஒரு கணினியில் வேறொருவர் கணக்கை முதலில் உருவாக்கியிருந்தால், பெயர் ஒன்றாகவே இருந்தும் எண் மாறிப்போகும். எண்களை ஒத்திசையச் செய்து, அந்தக் கணினியிலுள்ள சொந்தக் கோப்புகளின் உரிமையையும் புதிய எண்ணுக்கு மாற்றிவிட்டால் போதும். எண்கள் ஒத்திருந்தும் மறுக்கிறதென்றால், நீங்கள் என்.எஃப்.எஸ். (சர்வரின் கோப்புறையை மற்றக் கணினிகளில் பயன்படுத்தும் முறை) வழியாக இணைக்கிறீர்களா என்றும், அந்தப் பயனர் எத்தனை குழுக்களில் இருக்கிறார் என்றும் பாருங்கள். என்.எஃப்.எஸ்.ஸின் வழக்கமான அடையாள முறையில் 16 குழுக்களுக்கு மேல் சர்வருக்குச் சொல்லப்படுவதில்லை. பதினேழாவது குழுவின் உரிமையால் திறக்க வேண்டிய கோப்பு திறக்காது. எல்லாவற்றுக்கும் 777 உரிமை, அதாவது யாரும் படிக்கவும் எழுதவும் உரிமை, கொடுத்துவிடுவது பலரும் செய்யும் வேலை. நோயாளிகளின் ஸ்கேன் படங்கள் இருக்கும் இடத்தில் அதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுத் திட்டத்துக்காக வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். அவர்களுடைய கோப்புகள் ஏ.எஃப்.எஸ். என்ற நெட்வொர்க் கோப்பு முறையில் உள்ளன. காலையில் திறக்கும் கோப்புகள் மாலையில் திறப்பதில்லை. இரவு முழுவதும் ஓடும் கணக்கீடு விடியற்காலையில் பிழையோடு நின்றுவிடுகிறது. திட்டத்தின் பொதுக் கோப்புறையில் எழுதினால் 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்கிறது. புள்ளி வைத்த வேறொரு பாதையில் எழுத முடிகிறது, ஆனால் அப்படி எழுதியது மற்றவர்களுக்குத் தெரியவில்லை. என் வீட்டு இணைப்பில் கோளாறா?
– அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: நீங்கள் எழுதியிருப்பவற்றில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் உள்ளன; இரண்டிலும் உங்கள் வீட்டு இணைப்புக்குப் பெரிய பங்கு இல்லை.

காலையில் திறந்தது மாலையில் திறக்கவில்லை என்றால் முதலில் 'டோக்கன்ஸ்' என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ஏ.எஃப்.எஸ். உங்கள் அடையாளத்தைக் கெர்பரோஸ் முறையில் சரிபார்த்து, குறிப்பிட்ட நேரம் மட்டும் செல்லுபடியாகும் டோக்கன் ஒன்றைத் தருகிறது. பல இடங்களில் அது 10 மணி நேரம். காலாவதியானதும் சர்வர் உங்களை வெளியேற்றிவிடுவதில்லை, பெயரில்லாத பொதுப் பயனராக நடத்துகிறது. அதனால்தான் சில கோப்புறைகள் திறக்கின்றன, சில திறப்பதில்லை என்ற மயக்கம் உண்டாகிறது. 'கேஇனிட்', அதன் பின் 'ஏகேலாக்' ஆகிய கட்டளைகளைக் கொடுத்தால் புதிய டோக்கன் கிடைக்கும். இரவுக் கணக்கீட்டுக்கு இது பயன்படாதாகையால், டோக்கனுக்கு அடிப்படையான கெர்பரோஸ் டிக்கெட்டை இடையிடையே புதுப்பித்துக்கொண்டே வேலையை ஓட்டும் 'கேரினியூ' போன்ற துணை நிரலின் வழியாக அதைத் தொடங்க வேண்டும். ஒரு ஜன்னலில் டோக்கன் வாங்கிவிட்டு, முன்பே ஓடிக்கொண்டிருந்த வேறொரு 'ஸ்கிரீன்' அமர்வில் வேலை நடக்கவில்லை என்று எழுதுபவர்கள் உண்டு. டோக்கன்கள் அமர்வுக் குழுவோடு கட்டப்பட்டிருப்பதால், எந்த அமர்வில் வேலை ஓடுகிறதோ அந்த அமர்விலேயே வாங்க வேண்டும்.

டோக்கனே கிடைக்கவில்லையென்றால் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். கெர்பரோஸ் இயல்பாக 5 நிமிட வேறுபாட்டைத்தான் பொறுத்துக்கொள்ளும். மின்வெட்டு அடிக்கடி நேரும் ஊரில், மதர்போர்டின் சிறு பேட்டரி தீர்ந்த கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் பழைய தேதிக்குப் போய்விடும். கடவுச்சொல் தவறு என்று எண்ணி அதையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்போம்.

அடுத்தது பொதுக் கோப்புறை. ஏ.எஃப்.எஸ்.ஸில் பிரதி என்பதன் பொருள் குளஸ்டரில் உள்ளதைப் போன்றதல்ல. ஒரு வால்யூமின் எழுதக்கூடிய வடிவம் ஒரே ஒரு சர்வரில்தான் இருக்கும். மற்ற சர்வர்களில் உள்ள பிரதிகள் படிப்பதற்கு மட்டுமே. நிர்வாகி 'வோஸ் ரிலீஸ்' என்ற கட்டளையைக் கொடுக்கும் கணத்தில் எழுதும் வடிவம் எப்படி இருக்கிறதோ, அதுவே எல்லாப் பிரதிகளிலும் போய்ச் சேரும்; அடுத்த ரிலீஸ் வரை அவை மாறா. நீங்கள் வழக்கமான பாதையில் போகும்போது படிப்பதற்கான பிரதியை அடைகிறீர்கள், எழுத முடியாது. புள்ளியோடு தொடங்கும் செல் (ஏ.எஃப்.எஸ்.ஸில் ஒரு நிறுவனத்தின் பகுதி) பெயரின் பாதை உங்களை எழுதும் வடிவத்துக்குக் கொண்டுபோகிறது, எழுத முடிகிறது. மற்றவர்கள் வழக்கமான பாதையில் பார்ப்பதால், நீங்கள் எழுதியது அவர்களுக்குத் தெரியவில்லை. நிர்வாகிக்கு எழுதி ரிலீஸ் செய்யச் சொல்லுங்கள். நாள்தோறும் மாறும் கோப்புகளாக இருந்தால், பிரதியில்லாத தனி வால்யூம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வது இருவருக்கும் வசதி.

இந்த வேறுபாடு தெரிந்தால் இன்னொன்றும் விளங்கும். ஒரு சர்வர் விழுந்தால், படிப்பதற்கான பிரதிகள் வேறொரு சர்வரிலிருந்து தொடர்ந்து கிடைக்கும். உங்கள் சொந்தக் கோப்புறை போன்ற எழுதும் வால்யூம், அதை வைத்திருக்கும் சர்வர் எழும்வரை கிடைக்காது. கோப்புறை எந்தச் சர்வரில் இருக்கிறது என்பதை 'எஃப்எஸ் வேர்ஈஸ்' கட்டளையும், எந்தச் சர்வர்கள் பதில் சொல்லவில்லை என்பதை 'எஃப்எஸ் செக்சர்வர்ஸ்' கட்டளையும் சொல்லும். 'கனெக்ஷன் டைம்டு அவுட்' என்று வரும்போது நிர்வாகிக்கு எழுதும் கடிதத்தில் இந்த இரண்டின் விடைகளையும் சேர்த்து அனுப்பினால், பாதி விசாரணை குறையும். சர்வர் எழுந்த பிறகும் உங்கள் கணினி பழையதையே காட்டிக்கொண்டிருந்தால் 'எஃப்எஸ் செக்வால்யூம்ஸ்', 'எஃப்எஸ் ஃப்ளஷ்' ஆகியவற்றைக் கொடுத்து, தேக்கி வைத்திருக்கும் தகவலைக் கழித்துவிடலாம். கோப்பு மாறியதைச் சர்வர் உங்கள் கணினிக்கு யு.டி.பி. 7001 போர்ட்டில் அறிவிக்கும் முறை ஏ.எஃப்.எஸ்.ஸில் இருப்பதால், வீட்டு ரவுட்டர் அந்தப் பாதையை மறந்துவிட்டால் அறிவிப்பு வந்து சேராது. உங்கள் வீட்டு இணைப்பைச் சந்தேகிக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

உரிமைகளைப் பற்றியும் ஒரு சொல். யூனிக்ஸ் பட்டியலில் தெரியும் குழு, பிறர் உரிமைகளை ஏ.எஃப்.எஸ். பொருட்படுத்துவதில்லை. கோப்புறை ஒவ்வொன்றுக்கும் உள்ள உரிமைப் பட்டியலே செல்லும். அதை 'எஃப்எஸ் லிஸ்ட்ஏசிஎல்' காட்டும். கோப்பை ஒரு கோப்புறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால், போய்ச் சேர்ந்த கோப்புறையின் உரிமைக்கு அது உட்படும். எழுதியவை பெரும்பாலும் கோப்பை மூடும்போதுதான் சர்வருக்குப் போகின்றன என்பதால், ஒதுக்கீட்டு அளவு நிரம்பிவிட்டது என்ற செய்தியும் மூடும் கணத்தில்தான் வரும். மூடும்போது வரும் பிழையைக் கவனிக்காத நிரல், எல்லாம் எழுதியாயிற்று என்று சொல்லிவிட்டு முடிந்துவிடும். உங்கள் இரவுக் கணக்கீட்டின் விடைக்கோப்பு சில நாள் குறைந்த அளவில் இருந்ததாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். டோக்கனோடு ஒதுக்கீட்டையும் பாருங்கள்.

ஏ.எஃப்.எஸ். 1980களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து நடத்திய ஆண்ட்ரூ திட்டத்தில் உருவானது. 2000ஆம் ஆண்டில் ஐ.பி.எம். மூலநிரலை வெளியிட்டதிலிருந்து ஓப்பன் ஏ.எஃப்.எஸ். என்று வழங்குகிறது. அதை வடிவமைத்தவர்களுள் முதன்மையானவரான மகாதேவ் சத்தியநாராயணன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். எழுதும் வடிவம் ஒன்றே என்ற கட்டுப்பாட்டைத் தளர்த்தி, தொடர்பு அறுந்த நிலையிலும் எழுத விடும் கோடா என்ற கோப்பு முறையைப் பின்னர் அவர் தலைமையில் உருவாக்கினார்கள். அப்படித் தளர்த்தியதும், முரண்பட்ட பிரதிகளை மனிதர் பார்த்துச் சரிசெய்வதற்கென்று தனி நிரல் ஒன்றையும் கூடவே எழுத வேண்டியதாயிற்று. பாளையங்கோட்டை வாசகர் இதைக் கவனிக்கலாம்.

கேள்வி: காற்றாலைப் பராமரிப்பு அலுவலகம் எங்களுடையது. மூன்று பிரதி குளஸ்டர் வைத்திருக்கிறோம். மின்சாரம் போய் ஒரு சர்வர் அணைந்தால், மற்ற இரண்டும் யு.பி.எஸ்.ஸில் ஓடினாலும், எல்லாக் கணினிகளும் முக்கால் நிமிடம் அசையாமல் நின்றுவிடுகின்றன. சில கணினிகளில் மறுபடி பூட் செய்த பின் மவுண்ட் ஆவதே இல்லை.
– பணகுடி வாசகர்

பதில்: முதலாவது, குளஸ்டரின் இயல்பான 42 வினாடிக் காத்திருப்பு. சர்வரை முறையாக அணைத்தால் தொடர்பு முடிந்த செய்தி உடனே வந்துவிடும்; மின்சாரம் திடீரென்று போனால் யாரும் எதுவும் சொல்லாமல் போய்விடுவதால், மறுமுனை இருக்கிறதா என்று 42 வினாடி பார்த்துவிட்டுத்தான் மற்ற பிரதிகளோடு தொடரும். 'நெட்வொர்க்.பிங்-டைம்அவுட்' என்ற அந்த அளவைச் சில வினாடிகளாகக் குறைத்துவிடலாம் என்று ஆலோசனை வரும். சிறிது குறைக்கலாம், மிகவும் குறைத்தால் நெட்வொர்க் சற்றே திணறும்போதெல்லாம் நல்ல சர்வரையும் போய்விட்டதாகக் கருதி, பூட்டுகளை விட்டு மீண்டும் இணைந்து, பாக்கிப் பட்டியலை வளர்த்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது சர்வருக்கும் யு.பி.எஸ். வாங்குவது அதைவிடச் சிக்கனம்.

இரண்டாவது, மவுண்ட் செய்யும்போது, அதாவது வால்யூமைக் கணினியில் ஒரு கோப்புறையாக இணைக்கும்போது, அதன் அமைப்பு விவரத்தை ஒரு சர்வரிடமிருந்து வாங்க வேண்டும். பூட் ஆகும்போது மவுண்ட் செய்ய வேண்டியவற்றைச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரே சர்வரின் பெயரை மட்டும் எழுதியிருப்பீர்கள். அந்தச் சர்வர் எழாதபோது மற்ற இரண்டும் உயிரோடிருந்தும் பயனில்லை. 'பேக்கப்-வால்ஃபைல்-சர்வர்ஸ்' என்ற விருப்பத்தில் மற்ற இருவர் பெயரையும் சேர்த்து, நெட்வொர்க் வந்த பின்பே மவுண்ட் ஆகும்படி '_நெட்டெவ்' என்பதையும் எழுதுங்கள்.

அணைந்த சர்வர் எழுந்த பிறகும் 'குளஸ்டர் வால்யூம் ஸ்டேட்டஸ்' பட்டியலில் அதன் பிரிக் ஆன்லைன் இல்லை என்று காட்டினால், பிரிக் இருக்கும் டிஸ்க் அந்தச் சர்வரிலேயே மவுண்ட் ஆகாமல் போயிருக்கலாம். அப்போது காலியான கோப்புறையைக் கண்டு, இது நம் வால்யூம் அல்ல என்று பிரிக் தொடங்க மறுக்கும். டிஸ்க்கை மவுண்ட் செய்த பின் தொடங்கச் செய்யுங்கள். பிரிக் ஆன்லைன் என்று காட்டியும் பாக்கிப் பட்டியல் குறையாமல் ஊறிக்கொண்டே இருந்தால், ஏதோ ஒரு கணினியின் ஃபயர்வால் அந்தச் சர்வரை மட்டும் மறைக்கிறது என்று கொள்ளலாம். எழுதுபவை கணினிகளே என்பதால், ஒரு கணினிக்கு ஒரு சர்வர் எட்டாவிட்டாலும் பாக்கி சேரும். ஸ்டேட்டஸ் கட்டளையோடு 'கிளையன்ட்ஸ்' என்று சேர்த்துக் கொடுத்தால் ஒவ்வொரு பிரிக்கோடும் இணைந்திருக்கும் கணினிகள் தெரியும். எந்தப் பெயர் இரண்டு பிரிக்கில் இருந்து மூன்றாவதில் இல்லையோ, அந்தக் கணினியிலிருந்து மூன்றாவது பிரிக் உள்ள சர்வரின் 24007, மற்றும் 49152 முதலான போர்ட்களை எட்ட முடிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மூன்று பிரதி இருக்கும்போது தனியாகப் பேக்கப் எதற்கு?
– சங்கரன்கோவில் வாசகர்

பதில்: தவறுதலாக அழித்த கோப்பு மூன்று பிரதியிலும் அதே கணத்தில் அழியும் என்பதற்காக. ரான்சம்வேர் குலைத்த கோப்பும் அப்படியே. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டபோது, ஒரே கட்டடத்தின் தரைத்தளத்தில் எத்தனை பிரதி வைத்திருந்தாலும் ஒன்றுதான்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் 20 கணினிகளுக்குப் புதிதாகக் குளஸ்டர் அமைக்க எண்ணுகிறோம். பழகியவர்கள் யாரும் இல்லை. செய்யலாமா?
– திருநெல்வேலி டவுன் வாசகர்

பதில்: தேவை என்ன என்று நீங்கள் எழுதவில்லை. மாணவர்களின் பாடக் கோப்புகளும் அலுவலகக் கோப்புகளும்தான் என்றால், இரட்டை டிஸ்க் கொண்ட ஒரே சர்வரும், நாள்தோறும் வேறு கட்டடத்துக்குப் போகும் பேக்கப்பும் போதும். அது விழுந்தால் அரை நாளில் எழுப்பிவிடலாம், அதற்கு வல்லுநர் தேவையில்லை. குளஸ்டர் நம்மவரான ஆனந்த் பாபு பெரியசாமியும் குழுவினரும் தொடங்கிய திட்டம் என்ற மகிழ்ச்சி நமக்கு உண்டு. 2011இல் ரெட் ஹேட் குளஸ்டர் நிறுவனத்தை வாங்கியது. ஆனால் ரெட் ஹேட் தன் குளஸ்டர் வணிகப் பதிப்புக்கான ஆதரவை 2024 இறுதியோடு முடித்துக்கொண்டது. திறமூலத் திட்டம் தொடர்ந்தாலும், சிக்கல் வரும்போது பொறுப்பேற்றுப் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் புதிதாகத் தொடங்க நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு சர்வர் விழுந்தாலும் வகுப்பு நிற்கக் கூடாது என்ற கட்டாயம் உண்மையாகவே இருந்தால், மூன்று சர்வர்களோடு, இதேபோல் பிரதிகளை வைத்துக்கொள்ளும் செஃப் என்ற சேமிப்பு முறையைப் பயிலத் தொடங்குங்கள். அதற்கு முன் மாணவர் இருவரைப் பொறுப்பாக்கி, மூன்று பழைய கணினிகளில் அமைத்து, ஒன்றின் நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கிவிட்டு என்ன நடக்கிறது என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பை எங்களுக்கு அனுப்பினால், எத்தனை சர்வர் வாங்கலாம் என்பதற்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறோம்.